மகனுக்குப் பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. நான்கு மாதங்களாகக் காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறான். விடுமுறை நாள்களில் அந்த வலி வருவதில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கிவைக்காமல் கழிவறைக்கு ஓடுகிறான். வகுப்பில் நான்கைந்து பையன்கள் அவனுடைய நடையையும் குரலையும் கேலி செய்து ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும், மற்றவர்கள் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதும் அதே பள்ளியில் படிக்கும் அவன் தங்கை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. முறையிடப் போனபோது, இரு தரப்பையும் அழைத்துக் கைகுலுக்க வைத்து, "பிள்ளைகள் விளையாட்டு, பெரிதுபடுத்தாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. "திருப்பி அடிக்கக் கற்றுக்கொள்" என்கிறார் என் கணவர். நான்தான் அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்துக் கெடுத்துவிட்டேனா? பள்ளியை மாற்றிவிடலாமா? போன வாரம், "நான் இல்லாமல் போனால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்றான். கோபத்தில் சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அவன் அதைக் கோபத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை நாமாக ஊகித்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. இந்தக் கடிதத்தை மேற்கொண்டு படிப்பதற்கு முன்பே வேண்டுமானாலும் போய், தனிமையில், அமைதியான குரலில், "செத்துப்போய்விடலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் ஒரு பிள்ளையின் மனத்தில் புகுந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள், அது நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகளே அதிகம். அவன் ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அன்றே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். மருந்து மாத்திரைகளையும் பூச்சிக்கொல்லி போன்றவற்றையும் அவன் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். திட்டுவதும், "இனி இப்படிப் பேச மாட்டேன்" என்று சத்தியம் வாங்குவதும் வேண்டாம். சத்தியம் செய்துகொடுத்த பிள்ளை அடுத்த முறை நம்மிடம் சொல்லாமல் இருந்துவிடுவான்.

அடுத்தது கழிவறை. நீங்கள் அதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்திலேயே அதிகம் சொல்லும் வரி அதுதான். பள்ளியிலிருந்து வந்ததும் கழிவறைக்கு ஓடும் பிள்ளை, பெரும்பாலும், பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை. அவனுடைய தண்ணீர் பாட்டில் எவ்வளவு காலியாகித் திரும்புகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வந்தால், போக வேண்டியிருக்கும் என்று பயந்தே அவன் குடிக்காமல் இருக்கிறான் என்று கொள்ளலாம். அந்தப் பள்ளியில் எந்த இடம் அவனுக்கு ஆபத்தானது என்பதை அவன் வாய் சொல்லாவிட்டாலும் உடம்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. காலை வயிற்றுவலியும் அப்படித்தான். அது நடிப்பு அன்று. சீண்டலுக்கு ஆளாகும் பிள்ளைகளுக்குத் தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை போன்ற தொல்லைகள் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒருமுறை குழந்தை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். தண்ணீர் குடிக்காமல் மாதக்கணக்கில் அடக்கிக்கொள்வதால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரக்கூடும். அவையும் வயிற்றுவலிக்குக் காரணமாகலாம்.

இனி, பொத்திப் பொத்தி வளர்த்துக் கெடுத்துவிட்டேனா என்ற உங்கள் கேள்வி. இதைக் கேட்காத தாயை நான் இன்னும் சந்திக்கவில்லை. சீண்டும் பையன்களின் வீட்டில் இதே கேள்வி எழுவது அபூர்வம். பள்ளிச் சீண்டலை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான டான் ஓல்வியுஸ், 1970களில் ஸ்வீடனிலும் பின்னர் நார்வேயிலும் செய்த பணியின் வழியாக இதற்கு மூன்று அடையாளங்களைத் தந்தார்: வேண்டுமென்றே செய்யப்படுவது, திரும்பத் திரும்ப நிகழ்வது, இரு தரப்புக்கும் இடையே பலம் சமமாக இல்லாதிருப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். நான்கைந்து பேருக்கு எதிரில் ஒருவன். அவர்கள் சிரித்தால் வகுப்பே சிரிக்கிறது, இவன் பேசினால் யாரும் கேட்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு உங்கள் வளர்ப்பினால் வந்ததன்று. நடையும் குரலும் வித்தியாசமாக உள்ள பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஒரு வகுப்பில் அது யாருக்கும் பொருட்டாக இருப்பதில்லை. பக்கத்து வகுப்பில் அதுவே பட்டப்பெயர் ஆகிறது. ஒரே பள்ளிக்குள்ளேயே வகுப்புக்கு வகுப்பு சீண்டலின் அளவு மாறுவதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பையன்களின் குணம் மட்டுமே காரணமாக இருந்தால் அப்படி மாறுவதற்கு அதிக வழியில்லை.

மாறுவது சூழல். சூழல் என்றால் சுவரில் எழுதிவைத்த நன்மொழிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சீண்டல் நடக்கும்போது சுற்றி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள், ஆசிரியரின் முகம் எப்படி மாறுகிறது, பெரியவர் கண் படாத இடங்கள் எத்தனை இருக்கின்றன, முறையிட்ட பிள்ளைக்கு மறுநாள் என்ன நேர்கிறது என்பவைதான் சூழல்.

முதலில் சுற்றி நிற்பவர்கள். கனடாவின் டொராண்டோ நகரத் தொடக்கப் பள்ளிகளில், விளையாட்டிடங்களில் நடந்ததைக் கேமராவிலும் மைக்ரோபோனிலும் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அதன் முடிவுகள் 2001ஆம் ஆண்டில் வெளியாயின. பதிவான சீண்டல்களில் 88 விழுக்காட்டில் மற்ற பிள்ளைகள் அருகே இருந்தார்கள். யாரேனும் ஒரு பிள்ளை குறுக்கிட்டது 19 விழுக்காட்டில் மட்டுமே. ஆனால், அப்படிக் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 விழுக்காட்டில், பத்து நொடிக்குள் சீண்டல் நின்றுபோனது. பத்து நொடி! பல கூட்டங்கள் கூட்டியும் நிறுத்த முடியாமல் பெரியவர்கள் கையைப் பிசையும் ஒன்றை, "விடுடா அவனை" என்ற ஒரு சொல் பல வேளைகளில் நிறுத்திவிடுகிறது. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு சீண்டலைச் சுற்றி வகுப்புப் பிள்ளைகள் ஏற்கும் பங்குகளைப் பிரித்துக் காட்டினார்கள்: முன்னின்று சீண்டுபவர், கூடச் சேர்ந்துகொள்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கிப்போகிறவர், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர், பாதிக்கப்பட்டவர். உங்கள் மகனைச் சீண்டும் நான்கைந்து பேரில் முன்னின்று செய்பவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சிரிப்பவர்கள். அவனோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்கு அவன்மேல் வெறுப்பு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அடுத்த பட்டப்பெயர் தங்களுக்கு வந்துவிடுமோ என்ற அச்சம்தான் பெரும்பாலும் அவர்களை விலக்குகிறது. இந்த வயதில் கூட்டாளிகள் நடுவே மதிப்போடு இருப்பது மூச்சு விடுவதைப் போல முக்கியம். சிரிப்பு கிடைக்கும்வரை சீண்டுபவனுக்கு அந்த மதிப்பும் கிடைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து ஆசிரியர். ஒரு வகுப்பில் பட்டப்பெயர் ஒன்று பறக்கிறது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர் திரும்பி, உதட்டோரம் சிரித்துவிட்டு, மறுபடி எழுதத் தொடங்குகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மனத்தில் தீங்கு எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த அரைச் சிரிப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரு விதியைப் படித்துக்கொள்கிறார்கள். "எங்கள் ஆசிரியருக்கு இது அறவே பிடிக்காது" என்று பிள்ளைகள் நம்பும் வகுப்புகளில் சீண்டல் குறைவாக இருப்பதைப் பின்லாந்தில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் இதனோடு பொருந்துகிறது: விதிகள் எல்லாருக்கும் ஒன்றாக, நியாயமாக நடைமுறையில் இருப்பதாகவும், அதோடு பெரியவர்கள் தங்கள்மேல் அக்கறை கொண்டிருப்பதாகவும் மாணவர்கள் உணர்ந்த பள்ளிகளில் சீண்டல் குறைவாக இருந்தது. கண்டிப்பு மட்டும் இருந்தால் பிள்ளைகள் ஒளிவுமறைவில் செய்கிறார்கள். கனிவு மட்டும் இருந்தால் பலசாலி ஆட்டம் போடுகிறான். இரண்டும் சேர வேண்டும் என்பதே என் அனுபவமும்.

மூன்றாவது, இடம். ஒரு வெள்ளைத் தாளை அவனிடம் கொடுத்துப் பள்ளியின் வரைபடத்தை அவன் கையாலேயே வரையச் சொல்லுங்கள். வகுப்பறை, நடைக்கூடம், கழிவறை, விளையாட்டு மைதானம், மாடிப்படி, வாசல், வண்டி நிற்கும் இடம் எல்லாம் அதில் வரட்டும். பிறகு, நிம்மதியாக இருக்கும் இடங்களுக்குப் பச்சை, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களுக்கு மஞ்சள், போகவே கூசும் இடங்களுக்குச் சிவப்பு என்று தீட்டச் சொல்லுங்கள். "யார் உன்னை என்ன செய்தார்கள்?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் இதைச் செய்துவிடுகிறார்கள், யாரையும் காட்டிக்கொடுப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. என்னிடம் வந்த ஒரு மாணவி தாள் முழுக்கப் பச்சை தீட்டிவிட்டு, மாடிப்படி திரும்பும் இடத்தில் மட்டும் தீப்பெட்டி அளவுக்குச் சிவப்பு வைத்தாள். தாள் கிழியும் அளவுக்குப் பென்சிலை அழுத்தியிருந்தாள். அந்தத் திருப்பத்தில் நிற்பவர்கள் மேலிருந்து பார்த்தாலும் தெரிய மாட்டார்கள், கீழிருந்து பார்த்தாலும் தெரிய மாட்டார்கள். அவளுடைய சம்மதத்தோடு அந்தத் தாளை வகுப்பாசிரியைக்குக் காட்டினோம். மறுநாளிலிருந்து அவர் இடைவேளைதோறும் ஒரு நாற்காலியை அந்தப் படிக்கட்டின் அருகே போட்டுக்கொண்டு நோட்டுத் திருத்தத் தொடங்கினார். யாரையும் விசாரிக்கவில்லை, யாரையும் அதட்டவில்லை. படிக்கட்டில் நடந்தது நின்றது. கைபேசிக் குழுவில் நடந்தது அத்தோடு நிற்கவில்லை, அதற்குத் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் விஷயத்திலும் கைபேசியைக் கேளுங்கள்; பறிக்காதீர்கள். பறித்துவிடுவார்கள் என்ற பயத்தாலேயே பிள்ளைகள் அங்கு நடப்பதை மறைக்கிறார்கள்.

கைகுலுக்க வைத்த பிறகு நிலைமை ஏன் மோசமானது என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். சம பலமுள்ள இரண்டு பேருக்கு இடையே சண்டை வந்தால் உட்கார வைத்துப் பேசிச் சமரசம் செய்யலாம். இங்கே பலம் சமமாக இல்லை. அந்த அறையில் உங்கள் மகன் தன்னைத் துன்புறுத்தியவனின் கையைப் பிடித்துச் சிரிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும், "போட்டுக்கொடுத்தவன்" என்ற இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. பள்ளி கெட்ட நோக்கத்தில் அப்படிச் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் சீண்டலுக்கு அது தவறான வைத்தியம். இதைப் பணிவோடு, ஆனால் தெளிவாகவே அவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் யோசனையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். மகன் தலைகுனிந்து வருவதைப் பார்க்கும் தகப்பனின் தவிப்பு அதில் இருக்கிறது. ஆனால் ஐந்து பேரைத் திருப்பி அடித்தால் அடிவாங்கப்போவது அவன்தான். அன்று அலுவலக அறையில் குற்றவாளியாக நிற்பவனும் அவனாகவே இருப்பான். அடிக்க முடியாமல் போனாலோ, அப்பா எதிர்பார்த்ததைச் செய்ய முடியாத பிள்ளை என்ற வெட்கமும் சேர்ந்துவிடும். அவருடைய கோபத்துக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது: பள்ளிக்கு உங்களோடு அவரும் வரட்டும். இருவரும் சேர்ந்து உட்காரும்போது "அம்மா பயந்த சுபாவம்" என்று ஒதுக்கிவிட முடியாது.

போகும்போது கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். என்றைக்கு, எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று அவனோ தங்கையோ சொன்னபடி, உங்கள் வருத்தத்தைக் கலக்காமல் எழுதியிருங்கள். அந்தப் பையன்களைத் தண்டியுங்கள் என்று தொடங்காதீர்கள்; தண்டனை என்ற பேச்சு எழுந்ததும் ஆதாரம் எங்கே என்ற வாதம் தொடங்கி, நாள்கள் ஓடிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கடும் தண்டனை கொடுப்பதும், பள்ளியைவிட்டு நீக்குவதும் பள்ளிகளைப் பாதுகாப்பானவையாக மாற்றவில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2008ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. இடைவேளைகளில் அந்தக் கழிவறைப் பக்கமும் சாப்பிடும் இடத்திலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அதுவரை, பாடவேளையின் நடுவில் கழிவறைக்குப் போக அவனுக்கு மட்டும், மற்றவர்கள் கவனிக்காதபடி, அனுமதி தர வேண்டும். சீண்டும் பையன்களோடு ஒவ்வொருவராக, தனித்தனியே, உங்கள் மகன் இல்லாதபோது பேச வேண்டும், "இது நடப்பது எங்களுக்குத் தெரியும், இது நிற்க வேண்டும், இனி நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டு, சில நாள்களில் மறுபடி அழைத்து விசாரிக்க வேண்டும். குழுவாகச் செய்யும் வேலைகளில் பிள்ளைகளே கூட்டுச் சேர்த்துக்கொள்ளும்படி விடாமல் ஆசிரியரே பிரித்துவிட வேண்டும்; யாருமே சேர்த்துக்கொள்ளாமல் கடைசியில் தனியாக நிற்கும் அந்த ஒரு நிமிடம் அடியைவிட வலிக்கும்.

இவற்றோடு, நான் மிகவும் நம்பும் ஒன்றையும் கேளுங்கள். பின்லாந்தில் உருவாகி 2009ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்த கிவா என்ற திட்டத்தில், வகுப்பில் மதிப்புள்ள, நல்ல மனமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியே அழைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்க அவர்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். வீர வசனம் எதுவும் பேச வேண்டியதில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரலாம். பட்டப்பெயர் பறக்கும்போது சிரிக்காமல் இருக்கலாம். பேச்சு முடிந்து எழும்போது, இரண்டு வாரம் கழித்து மறுபடி சந்திக்கும் நாளைக் குறித்துக்கொண்டு எழுங்கள். பேசி முடிவானதை அன்றே கடிதமாக எழுதித் தலைமை ஆசிரியருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உலகின் பல இடங்களில் நடந்த பள்ளித் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 2011ஆம் ஆண்டில் மதிப்பிட்டபோது, சீண்டலுக்கு ஆளாவது சராசரியாக 17 முதல் 20 விழுக்காடு வரை குறைந்திருந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் ஒரு மாதத்துக்குள் ஒருமுறையேனும் சீண்டலுக்கு ஆளாவதாக யுனெஸ்கோ 2019ஆம் ஆண்டில் சொன்னதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பிள்ளைகளின் காலைப் பொழுது அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்பது புரியும்.

பள்ளியை மாற்றலாமா என்று கேட்டீர்கள். பள்ளியை மாற்றுவது என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. வேறு பள்ளியில் சேர்ப்பது ஒன்று. அந்தப் பள்ளியையே மாறச் செய்வது மற்றொன்று. இரண்டாவதற்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுங்கள் என்பதே என் கருத்து. ஆறு முதல் எட்டு வாரங்கள் போதும். அதற்குள் அவர்கள் சொன்னதைச் செய்யவில்லையென்றாலோ, உடலில் காயம் ஏற்படும் அளவுக்குப் போனாலோ, முதலில் நான் சொன்ன ஆபத்து உண்மை என்று தெரிந்தாலோ, தயங்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். அது தோற்று ஓடுவது ஆகாது. ஆனால் புதிய பள்ளிக்கும் விசாரிக்காமல் போகாதீர்கள். சீண்டல் பொதுவாகக் குறைந்துவிட்ட வகுப்புகளில், தொடர்ந்து சீண்டலுக்கு ஆளாகும் ஓரிரு பிள்ளைகள் மற்ற வகுப்புகளில் உள்ளவர்களைவிட அதிகமாக மனம் ஒடிந்துபோவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் நடக்கும்போது பள்ளியின்மேல் கோபம் வரும். தனக்கு மட்டும் நடந்தால், குறை தன்னிடம்தான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். ஆகையால், "எங்கள் பள்ளியில் அப்படி எதுவும் நடப்பதே இல்லை" என்று மார்தட்டும் பள்ளியைவிட, "நடந்தால் இன்னாரிடம் சொல்லலாம், அவர் இன்னின்னதைச் செய்வார்" என்று சொல்லத் தெரிந்த பள்ளியை நான் தேர்ந்தெடுப்பேன்.

இதெல்லாம் நடந்து முடியும்வரை அவன் உங்கள் வீட்டில்தானே இருக்கப்போகிறான். சிறு வயதில் சீண்டலுக்கு ஆளானவர்களுக்கு அதன் வடு 50 வயதிலும் தெரிவதை, 1958ஆம் ஆண்டில் பிரிட்டனில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014ஆம் ஆண்டில் காட்டியது. காலப்போக்கில் மறந்துவிடுவான் என்று இதை விட்டுவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதற்கு மருந்தாக இருப்பது எது என்பதும் ஓரளவு தெரியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995ஆம் ஆண்டுகளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், தாயின் அரவணைப்பும், உடன்பிறந்தவரின் அன்பும், வீட்டின் இதமான சூழலும் இருந்த இடத்தில், சீண்டப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்ததை 2010ஆம் ஆண்டில் எழுதினார்கள். நீங்கள் பொத்தி வளர்த்ததாகச் சொல்வதில் ஒரு பகுதியேனும் இதுவாகத்தான் இருக்கும், அதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்று என்ன நடந்தது?" என்று விசாரணையைத் தொடங்காமல், முதல் அரை மணி நேரம் சாப்பிட, படுக்க, சும்மா இருக்க விடுங்கள்.

கடைசியாக, உங்கள் மகள். யாரும் கவனிக்காததைக் கவனித்து, அண்ணனின் கோபத்துக்கும் அஞ்சாமல் உங்களிடம் வந்து சொன்னவள் அவள். தன் ரகசியத்தை உடைத்துவிட்டாள் என்று அவன் இப்போது அவளோடு பேசாமல் இருக்கக்கூடும். அவள் செய்தது சரி என்று அவன் காதில் விழும்படி ஒருமுறை சொல்லுங்கள். அதற்குமேல் இருவரையும் வற்புறுத்த வேண்டாம். ஆனால் தினமும் கண்டுவந்து சொல்லும் ஒற்றர் வேலையை அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அவளும் சிறு பிள்ளைதான், அதே பள்ளிக்குத்தான் தினமும் போய்வருகிறாள்.